பிரெஞ்சுக் கார் அனுமதிப்பத்திரத்துடன் எம்பி3 ஸ்கூட்டரை பாசலில் ஓட்டலாமா?

பிரான்ஸ் எல்லையில் சென் லூயியில் இருக்கிறேன். சென்ற மாதம் என் வேலை சுவிஸ் பக்கம் பாசலுக்கு மாறியது. விடிய 4 மணிக்கு வேலை, முதல் ட்ராமுக்கு முன்பே அங்கே நிற்க வேண்டும்.

வண்டி பியாஜியோ எம்பி3 300 எல்டி, முன்னால் இரண்டு சக்கரம். பதிவுப் பத்திரத்தில் எல்5இ வகை, அதாவது மூன்று சக்கர மோட்டார் வண்டி. 2019இல் எடுத்த கார் அனுமதிப்பத்திரமும், அதை வைத்து இந்த வகை வண்டியை ஓட்டுவதற்கான 7 மணிநேரப் பயிற்சிச் சான்றும் இருக்கின்றன. மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் இல்லை.

பயிற்சிப் பள்ளியில் கேட்டேன்: அந்தச் சான்று பிரான்ஸுக்குள் மட்டுமே செல்லும் என்றார்கள். காப்புறுதி முகவர், சுவிஸும் காப்பில் அடங்கும், அனுமதி விடயம் உங்கள் பொறுப்பு என்கிறார். விபத்து நடந்தால் பணம் கிடைக்குமா என்பதற்கு மட்டும் பதில் இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்படி எல்லை தாண்ட எனக்கு மனமில்லை. மூன்று வாரமாக வண்டி கீழே நிற்கிறது.

இதே வண்டியில் பாசலுக்குப் போய்வருகிறவர்கள், மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் எடுத்தீர்களா?