ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, எதிலிருந்து தொடங்குவது?

சாயங்கால வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஜூமில் இயற்பியல் எடுக்கிறேன். கேமரா எல்லாம் அணைந்தே கிடக்கிறது, "புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஒரே ஒரு பையன் "எஸ் சார்" என்கிறான், மற்றவர்கள் கேட்கிறார்களா, சாப்பிடுகிறார்களா என்றே தெரியவில்லை. பாதிப் பேர் கையில் இருப்பது அப்பாவின் போன், டேட்டாவும் அளந்துதான் செலவழிக்கிறார்கள், அதனால் கேமராவைப் போடு என்று வற்புறுத்த மனசு வரவில்லை. ஒருத்தர் காஹூட் என்ற வினாடி வினா விளையாட்டைச் சொல்கிறார், ஒருத்தர் எல்லாரும் குறிப்பு ஒட்டுகிற பேட்லெட் பலகையைச் சொல்கிறார், இன்னொருத்தர் வலைப்பூ ஆரம்பி என்கிறார். காசு போட வழியில்லை. எதை எடுப்பது, எதை விடுவது?

கரும்பலகை:
சார், "புரிஞ்சுதா"வை முதலில் விட்டுவிடுங்கள், அதற்கு யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. புதுக் கருவியும் வேண்டாம், ஜூமில் இருக்கிற சாட் பெட்டியே போதும். ஒரு கேள்வி போடுங்கள், விடையைத் தட்டி வைத்துக்கொள்ளுங்கள், நான் "அனுப்பு" என்றதும் எல்லாரும் ஒன்றாக அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளை முதலில் போடுவதைப் பார்த்து மீதிப் பேர் அதையே போட்டுவிடுவார்கள்.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சூத்திரத்தை ஒப்பிக்கிற கேள்வி வேண்டாம். "ஒரே வேகத்தில் ஒரு பந்தை 30 டிகிரியில் எறிகிறேன், இன்னொன்றை 60 டிகிரியில் எறிகிறேன், காற்றுத் தடை இல்லை, எது தொலைவில் போய் விழும்?" என்று கேட்டுப் பாருங்கள். 30 என்பார்கள், 60 என்பார்கள், சிலர்தான் இரண்டும் ஒரே தூரம் என்று சரியாகச் சொல்வார்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஜூமில் வகுப்பைச் சின்னக் குழுக்களாகப் பிரிக்கிற பிரேக்அவுட் அறைகளில் மூன்று மூன்று பேராக அனுப்பி வாதாட விட்டு, திரும்பி வந்ததும் மறுபடி வாக்கெடுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களிலிருந்து செய்துவந்த முறைதான் இது, கேமரா இல்லாமலேயே நடக்கும்.

அப்புறம் ஃபெட் (PhET) என்ற அறிவியல் சிமுலேஷன் தளத்தில் எறிபொருள் சிமுலேஷனைத் திறந்து இரண்டு கோணத்திலும் சுட்டுக் காட்டுங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் நோபல் இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கியது, இலவசம், போன் உலாவியிலேயே ஓடும், பல சிமுலேஷன்கள் தமிழிலும் இருக்கின்றன. காற்றுத் தடையை டிக் செய்து மறுபடி சுட்டால் 60 டிகிரி குண்டு 30 டிகிரி குண்டைவிடக் கிட்டத்திலேயே விழுந்துவிடும். ஏன் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவர்களே கேட்பார்கள்.

மலைக்கோட்டை டீச்சர்:
வலைப்பூவை நான் வேறு மாதிரிப் பயன்படுத்துகிறேன். பாடக்குறிப்பை அதில் கொட்டினால் ஒருத்தரும் படிக்க மாட்டார்கள், அதற்குப் பாடப்புத்தகமே இருக்கிறது. வகுப்புக்கு முதல் நாள் கூகுளின் வலைப்பூத் தளமான பிளாகரில் ஒரு படமும் ஒரு கேள்வியும் மட்டும் போடுவேன். கருத்துகளை மட்டுறுத்தலில், அதாவது நான் அனுமதித்தால்தான் வெளியே தெரியும்படி, வைத்துவிட்டால் யார் என்ன எழுதினார்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுத முடியாது. வகுப்பு தொடங்கும்போது மொத்தத்தையும் ஒரே தட்டில் வெளியிட்டு, "இதில் இரண்டு பேர் நேரெதிராக எழுதியிருக்கிறார்கள், யார் பக்கம்?" என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. பேசவே பேசாத பெண் பிள்ளைகள்தான் எழுத்தில் நீளமாக எழுதுகிறார்கள், இதை நீங்களும் பார்ப்பீர்கள். பக்கமும் சீக்கிரம் திறக்கும், டேட்டா அதிகம் இழுக்காது.

தட்டுமுட்டு:
வீடியோ எடுத்துப் போடுகிற யோசனை இருந்தால் ஒன்று சொல்கிறேன். எடெக்ஸ் (edX) என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை வைத்து 2014இல் ஒரு ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் ஒட்டிப் பார்ப்பது பெரும்பாலும் ஆறு நிமிடம்தான். வெறும் ஸ்லைடு ஓட்டுவதைவிடக் கையால் எழுதிக்கொண்டே பேசுகிற வீடியோவைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். ஆகவே முக்கால் மணி நேர வகுப்புப் பதிவை அப்படியே யூடியூபில் ஏற்றுவதில் பெரிய பலன் இல்லை, ஒரு கணக்குக்கு ஒரு குட்டி வீடியோ போதும்.

இன்னொன்று, எந்தக் கருவியிலும் ஆழமாகக் கால் வைக்காதீர்கள். ஜாம்போர்டு என்ற ஆன்லைன் வெள்ளைப்பலகையை கூகுள் 2024 கடைசியில் மூடிவிட்டது. கேள்விகளை ஒரு சாதாரணக் கோப்பில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், காஹூட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்கால வாத்தியார்:
எல்லாருக்கும் நன்றி. டீச்சர், இரண்டு சந்தேகம். பிள்ளைகளிடம் கூகுள் கணக்கு இல்லையே, அப்பா கணக்கில் எழுதினால் அவர் பேரல்லவா வரும்? அப்புறம் சமன்பாடுகளை எப்படிப் போடுகிறீர்கள்?

மலைக்கோட்டை டீச்சர்:
அமைப்புகளில் யார் வேண்டுமானாலும் கருத்திடலாம் என்று வைத்துவிடுங்கள், கணக்கு இல்லாமலேயே எழுதலாம். முழுப்பெயர், பள்ளிப்பெயர், போன் எண் எதுவும் கூடாது, ஆளுக்கொரு புனைபெயர், எந்தப் பெயர் யாருடையது என்ற பட்டியல் என் நோட்டில் மட்டும். தப்பித்தவறி யாராவது எண்ணைப் போட்டாலும் மட்டுறுத்தலில் நின்றுவிடும். பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சமன்பாட்டுக்கு மேத்ஜாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, வலைப்பூவின் வடிவமைப்பில் (theme) ஒரு வரி சேர்த்தால் அழகாக வரும். நான் நோட்டில் எழுதிப் போட்டோ எடுத்துத்தான் போடுகிறேன்.