'தாய்வழி எதிர்ப்பாற்றல்' பொருந்துமா?

> கருவுறும் முன்பே தாய்க்கு உள்ள எதிர்ப்பாற்றலைத் 'தாய்வழி எதிர்ப்பாற்றல்' என்றே கலைச்சொல் பதிவில் குறித்துவிடலாமே?

வேண்டாம் என்பேன். அந்தச் சொல் ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது: தாயின் ஐஜிஜி (IgG) என்னும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சேர்ந்து, பிறந்தபின் சில மாதங்கள் காப்பது. நாம் பெயர் தேடுவது தாயிடமே நிற்பதற்கு. அதில் டி செல்கள் என்னும் வெள்ளணுக்களும் அடக்கம். 'கருமுன் எதிர்ப்பாற்றல்' என்று வைக்கலாம்.

'கருமுன் காப்பு' இன்னும் சுருக்கம்தான், ஆனால் பொய் சொல்லும். ரூபெல்லாவில் (ஜெர்மன் தட்டம்மை) அது ஏறத்தாழ முழுக் காப்பு. ஒருமுறை தொற்றினால் உடம்பிலேயே உறங்கிக் கிடக்கும் சைட்டோமெகலோவைரஸில் அப்படியில்லை. கர்ப்பத்தில் முதன்முறை தொற்றினால் கருவுக்குப் பரவுவது நூற்றுக்கு 30 முதல் 40. முன்பே தொற்றியிருந்தவரிடம் சுமார் 1. பரவிவிட்டால் அந்த ஒரு குழந்தைக்கும் செவித்திறன் போகலாம். பெரும்பாலான பெண்களுக்கு இளமையிலேயே தொற்றிவிடும் சமூகங்களில், தொற்றோடு பிறக்கும் குழந்தைகளில் மிகுதியானவர்கள் இத்தகைய தாய்மாருக்கே பிறக்கிறார்கள்.

> அப்படியானால் முன்பே தொற்றியிருந்தவருக்குக் கர்ப்பத்தில் மீண்டும் வரும் தொற்றுக்கு என்ன பெயர்? 'முதன்மையற்ற தொற்று' என்று ஒரு பட்டியலில் இருக்கிறதே.

படிப்பவர் அதை 'முக்கியமில்லாத தொற்று' என்றுதான் எடுத்துக்கொள்வார். மேலே சொன்னதற்கு நேர் எதிர். முதல்தொற்று, முதலல்லாத் தொற்று என்பது என் பரிந்துரை. காதுக்கு இனிமையில்லை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதன் கீழ் இரண்டு வகை: உடம்பில் உறங்கிய வைரஸ் விழிப்பது மீளெழுச்சி, வேறொரு திரிபு வெளியிலிருந்து வருவது மறுதொற்று. இரண்டையும் 'மறுதொற்று' என்று எழுதுவது பிழை. சிறு குழந்தைகளின் எச்சில், சிறுநீர் பட்டதும் கை கழுவினால் மறுதொற்றின் வாய்ப்பு குறையும். மீளெழுச்சிக்கு அந்த அறிவுரை உதவாது.

> தொற்று கருமுன்னா, கருவுற்ற பிறகா என்று எப்படிப் பிரிப்பது?

தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் எதிர்ப்பொருளான ஐஜிஎம்மை (IgM) மட்டும் நம்ப முடியாது. மாதக்கணக்கில் நீடிக்கும், மீளெழுச்சியிலும் தென்படும். ஐஜிஜியின் பிடிப்புவலிமையைப் பார்க்க வேண்டும் (avidity, அது வைரஸை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பது; இந்தச் சொல்லும் புதிது; 'ஈர்ப்பு' வேறு பொருளுக்குப் போய்விடும்). குறைவாக இருந்தால் தொற்று பெரும்பாலும் கடந்த 3, 4 மாதங்களுக்குள். முதல் 12 வாரத்தில் எடுத்த இரத்தத்தில் உயர்வாக இருந்தால் கருமுன் தொற்று எனலாம். 20ஆம் வாரத்தில் எடுத்த இரத்தத்தில் உயர்வாக இருப்பது எதையும் தீர்க்காது: கருவுற்ற தொடக்கத்தில் தொற்றியிருந்தாலும் அதற்குள் பிடிப்பு வலுத்திருக்கும். கலைச்சொல் பதிவில் 'பிடிப்புவலிமை'க்குக் கீழே, இரத்தம் எடுத்த வாரத்தையும் குறிக்க வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள்.