பயிற்சியாளரின் சொல்லும் அட்மிஷன் கடிதமும்

நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் ஒன்பது வயதிலிருந்து வாள்வீச்சில், சேபர் என்னும் வாள்வகைப் பிரிவில் பயின்றவள். அந்த விளையாட்டின் வழியாகவே அவளுக்குக் கல்லூரியில் இடம் தேடினோம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு விதிப்படி, பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல்தான் கல்லூரிப் பயிற்சியாளர்கள் மாணவர்களோடு நேரடியாகப் பேசலாம். எங்களுக்கு அந்த நாள் 2020இல், ஊரடங்கின் நடுவே வந்தது. அவளுடைய பட்டியலில் முதலில் இருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், அடுத்த மாதமே வாள்வீச்சு உட்பட 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறுஆண்டு மே மாதம் அம்முடிவைக் கைவிட்டார்கள் என்றாலும், நிர்வாகம் நினைத்தால் ஓர் அணியே இல்லாமல் போகலாம் என்ற அச்சம் எங்களுக்குள் தங்கிவிட்டது.

பணத்தைப் பற்றி நான் போட்டிருந்த கணக்கும் தவறாயிற்று. ஹார்வர்டு, யேல் போன்றவை அடங்கிய ஐவி லீகின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவுகின்றன. வேறு சில பல்கலைக்கழகங்களில் விளையாட்டு உதவித்தொகை உண்டு, ஆனால் வாள்வீச்சில் பெரும்பாலும் பலருக்குப் பங்கிட்டுத் தருவார்கள். பல ஆண்டுகளாகப் போட்டிக்கும் பயணத்துக்கும் செலவழித்திருந்த எனக்கு அந்தப் பங்கே பெரிதாகத் தெரிந்தது. மகளோ, தன்னை அணிக்கு அழைத்த இரண்டு பயிற்சியாளர்களிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "இரண்டாம் ஆண்டில் நான் அணியை விட்டு விலகினால் என்ன ஆகும்?" உதவித்தொகை தர முன்வந்தவர், காயமென்றால் தொகை தொடரும், தானாக விலகினால் நின்றுவிடும் என்றார். ஐவி பயிற்சியாளர் சிரித்துவிட்டு, "எனக்கு வருத்தமாக இருக்கும்; ஆனால் உன் உதவிப் பணத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை" என்றார். அன்று மாலையே அவள் முடிவெடுத்துவிட்டாள் என்று நினைக்கிறேன்; எனக்குத்தான் இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

இதற்கிடையே, பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்தின் பயிற்சியாளர், "உனக்கு இடம் உண்டு" என்று வசந்த காலம் முழுவதும் சொல்லிவிட்டு, செப்டம்பரில் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதையே நிறுத்திவிட்டார். இடம் தருவது அட்மிஷன் அலுவலகம். பயிற்சியாளர் பரிந்துரைக்க மட்டுமே முடியும். இதை முன்பே படித்திருந்தும், அப்போதுதான் உறைத்தது. ஆகவே, ஜூலையில் மதிப்பெண் பட்டியலை வாங்கி அலுவலகத்தின் கருத்தைக் கேட்டுச் சொன்ன ஐவி பயிற்சியாளரையே நம்பினோம்.

அக்டோபரில், இடம் கிடைப்பது ஏறக்குறைய உறுதி என்று தெரிவிக்கும் 'லைக்லி லெட்டர்' ('லைக்லி' என்றால் 'அநேகமாக') வந்தது. பயிற்சிக்கூடத்தின் வாசலில், வியர்வையில் நனைந்த கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியபடி கைப்பேசியில் அதை இரண்டு முறை படித்த மகள், காருக்குள் வந்து உட்கார்ந்து, "அப்பா, 'லைக்லி' என்றுதானே போட்டிருக்கிறார்கள், அம்மாவிடம் இப்போதே சொல்லலாமா?" என்று கேட்டாள்.