கோவில்பட்டிப் பக்கம் எரிமலை கிடையாதே, கரிசல் எப்படி வந்தது?

கேள்வி: அறிவியல் டீச்சர், எட்டாம் வகுப்பு

கரிசல் மண், எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறை சிதைந்து உண்டானது என்று பாடம் நடத்தினேன். ஒரு மாணவி எழுந்து, "நம் ஊரில் எரிமலை எங்கே இருந்தது, டீச்சர்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் பள்ளி இருக்கும் மேடு செம்மண். கீழே இறங்கினால் கரிசல் தொடங்கிவிடுகிறது. இரண்டு இடத்திலும் கிணறு வெட்டினால் அடியில் வருவது ஒரே வரிவரியான பாறைதான். நிறம் மட்டும் எப்படி மாறியது? இன்னொன்றும் கேட்க வேண்டும். மண் பாதுகாப்பு என்றால் மரம் நடுவது என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். மானாவாரிக் காட்டில் மாணவர்கள் கண்ணால் பார்க்கும்படி என்ன காட்டலாம்?

பதில்: மண் ஆய்வாளர் (ஓய்வு)

அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், டீச்சர். மகாராஷ்டிரக் கரிசலுக்குத்தான் பசால்ட் தாய்ப்பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பொங்கிய குழம்பு நம் பக்கம் எட்டவேயில்லை. நீங்கள் கிணற்றில் பார்த்த வரிப்பாறை, நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறை. அந்தக் குழம்பைவிடப் பல மடங்கு பழையது.

ஒரே பாறையிலிருந்து இரண்டு மண் வருவதற்குக் காரணம் மேடும் பள்ளமும். மேட்டில் மழைநீர் தங்காது. பாறையிலிருந்து கரைந்த சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் சிலிக்காவையும் அள்ளிக்கொண்டு வடிந்துவிடும். மிஞ்சும் இரும்பு காற்றுப்பட்டு ஆக்சைடாகிச் சிவக்கிறது. பள்ளத்தில் அந்தச் சரக்கு வெளியேற வழியில்லை. நீர் மட்டும் வெயிலில் ஆவியாக, மற்றவை தேங்கி, மான்ட்மோரில்லோனைட் என்ற களிக் கனிமம் உருவாகிறது. அதன் அடுக்குகளுக்கு இடையில் நீர் புகுந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து, கை நுழையும் அளவுக்கு வாய் பிளப்பது இதனால்தான்.

கறுப்பாக இருப்பதால் மட்குச் சத்து நிறைய இருக்கிறது என்று மாணவர்கள் நினைப்பார்கள். தயவுசெய்து அதைத் திருத்துங்கள். நம் கரிசலில், மட்கின் அளவைக் காட்டும் அங்ககக் கார்பன் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இருக்கிற கொஞ்ச மட்கும் களித்துகளோடு இறுகப் பிணைந்து கறுப்பைக் கொடுக்கிறது. மட்கினாலேயே கறுத்த மண் ரஷ்யாவின் செர்னோசம். அதை ஆராய்ந்து 1883இல் நூல் வெளியிட்ட டோகுசாயெவிடமிருந்துதான் மண்ணியலே தனித்துறையாகத் தொடங்கியது.

சுண்ணாம்பு தேங்கியதற்குச் சாட்சி வேண்டுமா? கரிசல் ஓடைக்கரையில் வெள்ளையாக, முண்டும் முடிச்சுமாகச் சுக்கான் கல் கிடக்கும். ஒன்றை உடைத்து அந்தப் புதுமுகத்தில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சட்டென்று பொரிந்து நுரைக்கும். மேட்டுச் செம்மண்ணிலும் பிழிந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது.

பதில்: மானாவாரி விவசாயி, எட்டயபுரம் வட்டாரம்

ஐயா சொன்ன வெடிப்பில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. முதல் மழை முழுவதையும் வெடிப்பு குடித்துவிடும். வெடிப்பு மூடிய பிறகு கரிசல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் தண்ணீர் மேலாக ஓடி மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். தரை சமமாகத்தானே இருக்கிறது என்று ஏமாறக் கூடாது. லேசான சரிவே போதும்.

அதனால் கோடை உழவையே சரிவுக்குக் குறுக்கே போடுகிறோம். வரப்பு உடைந்தால் அன்றைக்கே கட்டுகிறோம். ஆழச்சால் அகலப்பாத்தி போட்டால் உளுந்து மேட்டில் நிற்கும், தண்ணீர் சாலில் நிதானமாக நகரும். கண்மாய் வற்றியதும் அடியில் படிந்த வண்டலான கரம்பையை அள்ளிவந்து காட்டில் கொட்டுவோம். அது எங்கள் மேல்மண்தான். அடித்துக்கொண்டு போனதைத் திரும்பக் கொண்டுவருகிறோம்.

மாணவர்களுக்கு ஒன்று காட்டுங்கள், டீச்சர். நல்ல மழை பெய்து விட்டதும் ஓடைத் தண்ணீரை ஒரு பாட்டிலிலும், வரப்புப் போட்ட காட்டிலிருந்து வடியும் தண்ணீரை இன்னொன்றிலும் பிடித்து, அடியில் படியும் மண்ணை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெருமழையின்போது யாரையும் ஓடைக்கரைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சுக்கான் கல் நுரைத்ததைப் பார்த்து வகுப்பே ஆர்ப்பரித்தது. நேற்றைய மழைக்குப் பிறகு பாட்டில்களையும் வைத்தோம். மணல் உடனே படிந்துவிட்டது. ஆனால் ஓடைத் தண்ணீர் இன்று காலையிலும் கலங்கலாகவே நிற்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

பதில்: மண் ஆய்வாளர் (ஓய்வு)

களித்துகள் மிக நுண்ணியது, 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே. எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். இரண்டு பாட்டிலிலும் ஒரே அளவு சமையல் உப்பைப் போட்டுக் குலுக்கி வையுங்கள். துகள்கள் திரண்டு படிய ஆரம்பிக்கும். பிறகு மாணவர்களே அளவுகோலால் வண்டலின் உயரத்தை அளக்கட்டும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரம் ஆண்டு வரை ஆகலாம் என்பதை அளந்து முடித்த பிறகு சொல்லுங்கள்.