எண்ணெயை நிறுத்தியும் ட்ரைகிளிசரைடு 462: மாத்திரையைத் தொடங்கலாமா?

கரூர்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரை முதல் இரவு ஏழரை வரை நாற்காலியை விட்டு எழுவதே அரிது. உயரம் 168 செ.மீ., எடை 79 கிலோ. சென்ற ஆண்டு எடுத்த பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு (இரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) 310 என்று வந்தது. கொழுப்புதானே என்று எண்ணி, கடந்த மூன்று மாதங்களாக வீட்டில் எண்ணெயை ஏறக்குறைய நிறுத்திவிட்டோம். முட்டையையும் தேங்காயையும் விட்டேன். காலையில் வெந்நீரில் தேன், பிறகு ஆறு இட்லி, மதியம் வயிறு நிறையச் சோறும் ரசமும், மாலையில் பழச்சாறு, இரவு தோசை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நண்பர்களோடு பீர் அருந்துவதுண்டு.

சென்ற வாரம் மீண்டும் பார்த்தபோது மொத்தக் கொலஸ்ட்ரால் 228, 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைடு 462. 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் எப்படி ஏறியது என்பதே எனக்கு விளங்கவில்லை. மருத்துவர் கொழுப்பைக் குறைக்க ரோசுவாஸ்டேட்டினும் (ஸ்டேட்டின் வகை) ஃபீனோஃபைப்ரேட்டும் (ஃபைப்ரேட் வகை) எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து உண்டால் தசை பாதிக்கப்படும் என்று உடன் வேலை செய்பவர் ஒருவர் சொன்னதால் இன்னும் தொடங்கவில்லை. என் தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. எனக்கு ஒரு தம்பியும் இருக்கிறான். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆய்வக மேசை:

இருபத்தாறு ஆண்டுகள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றியவன் என்ற முறையில், அந்த வெற்றிடத்தைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன். பெரும்பாலான கூடங்களில் எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐயும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகிறோம். 1972-இல் வெளியான இந்தக் கணக்கு, ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டிவிட்டால் பொருந்தாது. ஆகவே எண்ணைப் போடாமல் விட்டவர் சரியாகவே செய்திருக்கிறார். உங்களுக்கு இப்போது பயன்படும் எண், மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐ மட்டும் கழித்தால் கிடைக்கும் 194. தேவைப்பட்டால் 'நேரடி எல்.டி.எல்.' என்று கேட்டும் அளந்துகொள்ளலாம்.

இரத்தத்தைச் சுழற்றி எடுத்த பிறகு குழாயின் மேற்பகுதியில் நிற்கும் நீர், இயல்பாக இருப்பவருக்கு இளமஞ்சளாக, பின்னால் ஒட்டிய சீட்டின் எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிந்திருக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு அது கலங்கலாக இருக்கும். ஆயிரத்தைத் தாண்டியவர்களின் மாதிரியோ பசும்பாலை ஊற்றி வைத்ததுபோல் வெளுத்திருக்கும். குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் மேலே ஆடை கட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வரவில்லை, வரவும் விடக்கூடாது.

இன்னொன்று: முந்தைய நாள் இரவு விருந்தோ மதுவோ இருந்ததா? ட்ரைகிளிசரைடு அளவுக்கு அலைபாயும் எண் கொழுப்புப் பரிசோதனையில் வேறு இல்லை. இரண்டு மூன்று நாள் வழக்கமான உணவு உண்டு, மதுவைத் தவிர்த்து, 12 மணி நேரம் தண்ணீர் மட்டும் அருந்திவிட்டு மறுபடியும் ஒரு முறை பாருங்கள்.

பொருநை ஆசிரியை:

தம்பி, உங்கள் உணவுப் பட்டியலைப் படித்தபோது நான்கு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுச் சமையலறையைப் பார்த்தது போலிருந்தது. நானும் 390 வந்ததும் எண்ணெய்க் குப்பியைத்தான் முதலில் ஒளித்து வைத்தேன். எண்ணெய் குறைந்ததும் பசி அடங்காமல், அந்த இடத்தைச் சோறும் தோசையும் நிரப்பின. தேனும் கருப்பட்டியும் சர்க்கரை அல்ல என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். வரகுக்கும் சாமைக்கும் மாறியபோதோ, சிறுதானியம் என்பதால் அளவு பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்; அதுவும் மாவுச்சத்துதான் என்பது பிறகுதான் புரிந்தது.

எனக்குப் பலன் தந்தது தட்டில் பரிமாறும் வரிசையை மாற்றியதுதான். முன்பு சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றி, பொரியலைத் தொட்டுக்கொள்ள ஓரத்தில் வைப்பேன். இப்போது கீரையும் பொரியலும் கூட்டும் முதலில் பாதித் தட்டை நிறைக்கும். அவற்றில் பெரும்பகுதியை உண்டு முடித்த பிறகே, ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து வைத்த சோறு தட்டுக்கு வரும். காலையில் இரண்டு இட்லி, பருப்பு கெட்டியாக விழுந்த சாம்பார், ஓர் அவித்த முட்டை. மாலையில் சுண்டல். வாரம் இரண்டு நாள் மத்தியோ கானாங்கெளுத்தியோ குழம்பாக வைப்பேன், வறுப்பதில்லை. இரவு உணவு முடிந்ததும் மொட்டை மாடியில் இருபது நிமிடம் நடப்பேன். ஐந்து மாதத்தில் எடை 74-இலிருந்து 68 ஆனது. ட்ரைகிளிசரைடு 168-க்கு இறங்கியது. எனக்கு மாத்திரை தேவைப்படவில்லை என்பதற்காக நீங்களும் மறுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதை மருத்துவரிடமே கேளுங்கள்.

பொதுமருத்துவர்:

மேலே இருவரும் சொன்னவை சரியானவை. நீங்கள் கேட்ட 'எப்படி ஏறியது' என்பதற்கு விடை கல்லீரலில் இருக்கிறது. உடலின் தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும், குறிப்பாகத் தேனிலும் பழச்சாற்றிலும் மிகுதியாக உள்ள ஃபிரக்டோஸையும், கல்லீரல் கொழுப்பாக மாற்றி ட்ரைகிளிசரைடாக இரத்தத்துக்குள் அனுப்புகிறது. மது அந்த வேலையை இன்னும் விரைவுபடுத்துகிறது. ஆகவே நீங்கள் கட்டுப்பாடாக இருந்தீர்கள் என்பது உண்மை. கட்டுப்படுத்திய பொருள்தான் வேறு. இந்தத் தவறு உங்களுடையது மட்டுமன்று. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு ட்ரைகிளிசரைடு மிகுதியாகவும், 72 விழுக்காட்டினருக்கு எச்.டி.எல். குறைவாகவும் இருந்தன. சோறு தட்டை நிறைக்கும் நம் உணவுமுறைக்கு இதில் பெரும் பங்குண்டு என்பது என் கருத்து.

இந்த எண்ணை 150-க்குக் கீழ் இயல்பு, 200 முதல் 499 வரை மிகுதி, 500-க்கு மேல் மிக மிகுதி என்று பிரிக்கிறோம். 500-ஐத் தாண்டும்போது எங்கள் கவலை இதயத்தோடு கணையத்துக்கும் விரிகிறது. ஆயிரத்துக்கு மேல் கணைய அழற்சி வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் கடும் வலியும் வாந்தியும் வந்தால், வாயுத்தொல்லை என்று எண்ணிச் சோடா குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த அளவுக்கு ஏறியவர்களுக்கு எண்ணெயையும் மிகக் கடுமையாகக் குறைக்கச் சொல்கிறோம். உங்கள் அளவில் முதலில் குறைக்க வேண்டியவை சர்க்கரை, சோறு, மது, எடை ஆகியவையே. எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே ட்ரைகிளிசரைடு சுமார் 20 விழுக்காடு இறங்கக்கூடும்.

மாத்திரைக்கு வருகிறேன். ஸ்டேட்டின் முதன்மையாக இதயத்தையும் மூளையையும் காப்பதற்கு. ட்ரைகிளிசரைடையும் ஓரளவு குறைக்கும். ஃபீனோஃபைப்ரேட் ட்ரைகிளிசரைடை 30 முதல் 50 விழுக்காடு வரை இறக்கவல்லது. ஆனால் ஸ்டேட்டினோடு அதைச் சேர்ப்பதால் மாரடைப்பு கூடுதலாகக் குறைகிறதா என்று சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்த பெரிய ஆய்வு 2010-இல் வெளியானபோது, மொத்தத்தில் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த பெமாஃபைப்ரேட் என்ற புதிய மருந்தும் 2022-இல் ட்ரைகிளிசரைடைக் குறைத்தது, மாரடைப்பைக் குறைக்கவில்லை. அதனால் 500-க்குக் கீழே இருப்பவருக்கு, அடிப்படைக் காரணத்தைத் தேடிச் சரிசெய்து, இரண்டு மூன்று மாதம் பார்த்துவிட்டு ஃபைப்ரேட்டை முடிவு செய்வதையே நான் விரும்புவேன். உங்கள் மருத்துவர் 500-ஐ நெருங்குவதைக் கண்டு முன்கூட்டியே கொடுத்திருக்கலாம். அதுவும் தவறான முடிவு அன்று. தசைப் பாதிப்பு ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு ஃபைப்ரேட்டோடு ஸ்டேட்டினைச் சேர்க்கும்போதுதான் பெரிய அச்சம். ஃபீனோஃபைப்ரேட்டோடு அது மிகவும் குறைவு. காரணமில்லாத தசைவலியோ சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவதோ தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். தொடங்கும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் கல்லீரல் பரிசோதனையும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் தைராய்டையும் பாருங்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் சோதியுங்கள். ஸ்டீராய்டு, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், சில மனநல மருந்துகள் ஆகியவையும் இந்த எண்ணை ஏற்றும். அவற்றில் ஏதேனும் உண்கிறீர்களா என்று உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கரூர்வாசி:

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி பரிசோதனைகளை எடுத்தேன். 12 மணி நேரப் பட்டினியில் ட்ரைகிளிசரைடு 438. தைராய்டு, கிரியாட்டினின் இரண்டும் இயல்பாக இருக்கின்றன, சிறுநீரில் புரதம் இல்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.4 என்று வந்திருக்கிறது. இதுவரை எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரியாது. என் மருத்துவர் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையும் ஸ்டேட்டினையும் தொடங்கச் சொல்லி, ஃபீனோஃபைப்ரேட்டை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார். தேனும் பழச்சாறும் அன்றே போயின. பீரையும் விட்டுவிட்டேன். மருந்துக் கடையில் விற்கும் மீன் எண்ணெய் மாத்திரை உதவுமா என்பது மட்டும் தெரிய வேண்டும்.

பொதுமருத்துவர்:

தந்தையிடமிருந்து வந்த வாய்ப்பும், எடையும், உட்கார்ந்த வேலையும் சேர்ந்து சர்க்கரையாக வெளிப்பட்டிருக்கின்றன. ட்ரைகிளிசரைடு அதைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் வரும்போது இந்த எண்ணும் கூடவே இறங்குவதைப் பலரிடம் பார்க்கிறேன். கடையில் கிடைக்கும் 1000 மி.கி. மீன் எண்ணெய் மாத்திரை பலவற்றில் பலன் தரும் ஒமேகா-3 என்ற கொழுப்பு சுமார் 300 மி.கி.தான். ட்ரைகிளிசரைடைக் குறைக்க நாளொன்றுக்கு 4 கிராம் அளவுக்குத் தேவை என்பதால், பதின்மூன்று மாத்திரைகளை விழுங்க வேண்டியிருக்கும். அந்த அளவில் சிலருக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறவும் கூடும். ஆசிரியை அம்மா சொன்ன மத்திக் குழம்பு உங்களுக்கு அதைவிட நல்லது. எண் இறங்காவிட்டால், இந்தியாவிலேயே உருவாகி, சர்க்கரை நோயாளிகளின் ட்ரைகிளிசரைடுக்காக 2013-இல் அனுமதி பெற்ற சரோகிளிட்டசர் என்ற மருந்து உள்ளிட்ட வழிகள் உங்கள் மருத்துவரிடம் இருக்கின்றன.

பத்து வாரம் கழித்து அதே கூடத்தில், அதே 12 மணி நேரப் பட்டினியோடு மறுபடியும் பாருங்கள். விழித்திரைப் பரிசோதனையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். உங்கள் தம்பியையும் இந்த மாதமே சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சொல்லுங்கள்.