648 ஏஎம்ல ரேடியோ கரோலின் ஒரே இரைச்சல், உதவி வேணும்

இங்கிலாந்துல செம்ஸ்ஃபோர்டுல ஃப்ளாட்ல இருக்கேன், ரேடியோ டெக்சன் பிஎல்-330. போன மாசம் பக்கத்து கூரைல சோலார் பேனல் போட்டதுலேர்ந்து பகல்ல 648ல ஜிர்ர்ருனு இரைச்சல், பாட்டு அடில அமுங்கிப் போகுது, இருட்டினா நின்னுடுது. பேட்டரில ஓட்டினேன், ரவுட்டர், எல்இடி லைட் எல்லாம் ஆஃப் பண்ணேன், ரேடியோவை மெதுவா திருப்பினா இரைச்சல் அடங்குது ஆனா ஸ்டேஷனும் சேர்ந்து மங்குது.

நெட்ல கேளுன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ். ஜார்ஜி ஃபேம்ங்கற பாடகரோட ரெக்கார்டை போட ஆள் கிடைக்காமதான் ரோனன் ஓராஹிலி 1964ல கப்பல்லேர்ந்து கரோலினை ஆரம்பிச்சாரு, பெரிய கம்பெனி தயவில்லாத பாட்டுக்கு வழி விட்ட ஸ்டேஷன், 2017ல லைசன்ஸ் கிடைச்சு இப்போ இங்கிலாந்து கிழக்குக் கரைல இருக்கற ஆர்ஃபர்ட் நெஸ்லேர்ந்து வருது, அதை காத்துல பிடிச்சு கேக்கறதுதான் எனக்கு முக்கியம்.

வெளில ஒயர் கட்ட அனுமதி இல்ல, ஜன்னல்கிட்ட வைக்கிற லூப் ஆன்டெனா இந்த சோலார் இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டு கரண்டா மாத்தற பெட்டி) இரைச்சலை குறைக்குமா?