1984 ஜீப்புக்கு 1998 மாடல் பின் ஆக்ஸில் உட்காருமா?

தாளவாடித் தோட்டம்:
அண்ணா, ஒரு யோசனை வேணுங்க. என்னிடம் இருப்பது 1984 மாடல் மகிந்திரா டீசல் ஜீப், ஃபோர் வீல். கோஸ் மூட்டை ஏற்றித் திம்பம் இறங்கிச் சத்தி போய்வரும் வண்டி. ஒரு மாதமாகப் பின்னால் ஊளைச் சத்தம், பின் ஆக்ஸில் கூட்டின் (ஹவுசிங்) ஆயிலை இறக்கினால் இரும்புத் தூளோடு பல் துணுக்கு இரண்டு வந்தது. கோவை உக்கடத்தில் பழைய பார்ட்ஸ் கடையில் 1998 மாடல் ஜீப்பின் பின் ஆக்ஸில் டிரம்மோடு முழுசாக இருக்கிறது. "எல்லாம் ஒண்ணுதான், அப்படியே உட்காரும்" என்கிறார்கள். வாங்கலாமா?

கோபி பட்டறை:
முதலில் இந்தச் சத்தத்தோடு திம்பம் இறங்காதீங்க தம்பி. உடைந்த பல் நடுவில் சிக்கினால் பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும், 27 கொண்டை ஊசியில் எந்த இடத்தில் என்று சொல்ல முடியாது.

மாடல் வருஷத்தை வைத்து முடிவு பண்ணாதீங்க, ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுற்றும் சின்னது) இரண்டின் பல் கணக்கைப் பாருங்க. கியரை நியூட்ரலில் போட்டு ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, முழுசாக இரண்டு சுற்று சுற்றி, ஜாயின்ட் (ஆக்ஸிலைச் சுற்றும் நீளத் தண்டு) எத்தனை சுற்று வருகிறது என்று பாருங்க. ஐந்தும் மூன்றில் ஒரு பங்கு சொச்சமும் வந்தால் 43-8, அதாவது கிரவுனில் 43 பல், பினியனில் 8; நாலேகால் சொச்சம் என்றால் 47-11. கடையில் இருப்பதற்கு ஒரு டிரம்மை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு சுற்று சுற்றி, ஜாயின்ட் மாட்டும் முனை எத்தனை சுற்று வருகிறது என்று பார்த்தால் போதும். முன்னும் பின்னும் ஒரே கணக்காக இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துவிடும், தார் ரோட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது.

அப்புறம் டேப்பை எடுத்துப் போங்க. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடங்களுக்கு நடு அளவு, டிரம்முக்கு டிரம் அகலம், ஜாயின்ட் நீளம். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் இருக்கும், பிந்தியதில் கேபிள் சக்கரத்துக்கே போகும். டிரம் பெரிசாக இருந்தால் பிரேக் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும்.

பொள்ளாச்சி ஜீப்:
43-8 இருந்த என் வண்டியில் முன், பின் இரண்டையும் 47-11 ஆக்கினேன். தார் ரோட்டில் 60-ல் இன்ஜின் கத்துவது நின்றது, அது பெரிய சுகம். ஆனால் வால்பாறை மலையில் லோடோடு செகண்டில் ஏறிய இடத்தில் இப்போது ஃபர்ஸ்ட் கேட்கிறது. ஸ்பீடோமீட்டர் முள் 40 காட்டினால் நிஜத்தில் 50. லோடு அடிக்கிற உங்கள் வண்டிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

தாளவாடித் தோட்டம்:
நேற்று உக்கடம் போய் எண்ணினேன் அண்ணா, நாலேகால் சொச்சம். என் வண்டி ஐந்தும் சொச்சமும். அகலமும் என்னுடையதைவிடக் கூடுதல். முன்னாலும் மாற்ற எனக்குக் கட்டாதுங்க. என் ஹவுசிங்கிலேயே 43-8 கிரவுன் பினியன் மட்டும் போட்டால் சரியாகுமா?

கோபி பட்டறை:
அதுதான் சரி. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வாங்குங்க, ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் மறுபடியும் ஊளையிடும். பேரிங்கும் சேர்த்து மாற்றிவிடலாம், இரும்புத் தூள் அதற்குள்ளும் போயிருக்கும். பினியன் ஆழத்துக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, பல் பதியும் இடத்தை மை தடவிப் பார்த்துத்தான் மூட வேண்டும். அவசரப்படுத்தினால் நான் செய்ய மாட்டேன்.

தாளவாடித் தோட்டம்:
எத்தனை நாள் ஆனாலும் சரிங்க. ஹவுசிங்கைக் கழற்றி டெம்போவில் ஏற்றிவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் பட்டறையில் இருப்பீங்களா அண்ணா?